டோரீனின் கூலியை யார் கொடுப்பது

டோரீன் ஹலுஸ்கா என்ன வேலை பார்க்கிறாள் என்று அமெரிக்காவின் ஈரி நகரத்தில் யாராவது கேட்டால், அவளுடைய கூடப்பிறந்த அண்ணனுக்கே சொல்லத் தெரியாது. "ஆஸ்பத்திரி விஷயமா ஏதோ பண்றா" என்பான். வக்கீல் என்று நினைத்துச் சொத்துத் தகராறைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. நர்ஸ் என்று நினைத்து, சர்ச்சில் நடக்கும் வெள்ளிக்கிழமை மீன் விருந்தில் சாக்ஸைக் கழற்றிக் கால் வீக்கத்தைக் காட்டினவரும் உண்டு.

அவள் செய்வது இதுதான். வயதான நோயாளியோடு டாக்டரைப் பார்க்கப் போவாள். டாக்டர் சொல்வதை எழுதிக்கொள்வாள். நோயாளி கேட்க மறந்ததைக் கேட்பாள். ஒரு டாக்டர் எழுதியது இன்னொரு டாக்டருக்குத் தெரியுமா என்று பார்ப்பாள். காப்பீட்டுக் கம்பெனி முடியாது என்று கடிதம் போட்டால், ஏன் முடியாது என்று பதில் கடிதம் போடுவாள். ஆஸ்பத்திரிக்கு டாக்டர் இருக்கிறார், கம்பெனிக்கு வக்கீல் இருக்கிறார், நோயாளியின் பக்கம் ஒருத்தி இருக்கட்டுமே என்பது அவள் எண்ணம். மணிக்கு எழுபத்தைந்து டாலர். கொடுக்க முடிந்தவர்கள் கொடுத்தார்கள். கொடுக்க முடியாதவர்களுக்குத்தான் அவள் அதிகம் தேவைப்பட்டாள்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் பதினேழு வருஷம் அவள் எதிர்த்தரப்பில் இருந்தாள். ஊருக்கு வெளியே, கார் விற்கிற இடத்துக்குப் பின்னால், ஒரு காப்பீட்டுக் கம்பெனியின் தொலைபேசிக் கூடம் இருந்தது. காதில் ஹெட்போன், எதிரே திரை, திரையில் சொல்ல வேண்டிய வாக்கியங்கள். 'வருந்துகிறோம், இந்தச் சேவை உங்கள் திட்டத்தில் அடங்காது' என்பதை ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது தடவை சொல்லியிருப்பாள். குரல் நன்றாக இருக்கிறது என்று இரண்டு முறை பரிசுகூடக் கொடுத்தார்கள். ஒரு நாள் ஒரு பெரியவர் பேசினார். மனைவிக்கு மூச்சுக்கருவி கேட்டிருந்தார். இவள் வழக்கமான வாக்கியத்தைச் சொன்னாள். பிறகு அவர், "பரவால்லம்மா. நீ ரொம்ப மரியாதையா சொன்னே. நன்றி" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவர் திட்டியிருந்தால் டோரீன் அன்றைக்கே மறந்திருப்பாள். நன்றி சொன்னதுதான் ஜீரணமாகவில்லை. மூன்று மாதம் தள்ளிப்போட்டுவிட்டு ராஜினாமா செய்தாள். அப்போது அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது. அண்ணன், "பைத்தியமா ஒனக்கு? பென்ஷன் வர்ற நேரத்துல?" என்று கத்தினான்.

ஐடா பெல்ட்ராமி அவளிடம் வந்தது ஐந்து வருஷம் கழித்து, ஓர் அக்டோபரில். மருந்துக்கடைப் பலகையில் குத்தியிருந்த டோரீனின் அட்டையைப் பார்த்துவிட்டுப் போன் செய்திருந்தாள். எண்பத்து மூன்று வயது. கணவன் போய்ப் பதினோரு வருஷம். பிள்ளைகள் இல்லை. முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினவள். குரல் இன்னமும் பின்சீட்டுப் பையன்களை அடக்குகிற குரல்தான்.

"நோயாளி பக்கம் நிப்பேன்னு போட்டிருக்கியே, உட்காரவும் செய்வியா? ஏன்னா நான் நிக்க முடியாம விழுந்துக்கிட்டே இருக்கேன்" என்றாள் போனில்.

அந்த ஒரு மாதத்தில் இரண்டு முறை விழுந்திருந்தாள். இரண்டு முறையும் ஆம்புலன்ஸ், தலைக்கு ஸ்கேன், ஆஸ்பத்திரியில் இரண்டிரண்டு இரவு. எல்லாவற்றுக்கும் காப்பீட்டுக் கம்பெனி பணம் கொடுத்துவிட்டது. சர்க்கரை, இதயம், கெட்டுக்கொண்டிருக்கும் சிறுநீரகம், பொது வைத்தியம் என்று ஆளுக்கொன்றாகப் பார்க்கும் நான்கு டாக்டர்கள், ஏன் விழுகிறாள் என்பதற்கு நான்கு காரணம் சொன்னார்கள்.

டோரீன் அவள் சமையலறை மேஜையில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, "வீட்ல இருக்கிற எல்லா மருந்தையும் கொண்டாங்க. பழசு, புதுசு, பர்ஸ்ல கிடக்கிறது, எல்லாம்" என்றாள். பதினெட்டு டப்பாக்கள் வந்தன. ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு வந்தவள் பன்னிரண்டாவதில் நின்றாள். பட்டியலில் மறுபடி மேலே போய்ப் பார்த்தாள். அப்படியே மருந்துக்கடைக்காரருக்குப் போன் போட்டாள். இதய டாக்டர் எழுதிய மாத்திரையும், ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த மாத்திரையும் ஒரே மருந்து. ஒன்றின் மேல் மருந்தின் பெயர், இன்னொன்றின் மேல் மருந்துக் கம்பெனி வைத்த பெயர். ஒன்று தபாலில் வந்தது, இன்னொன்று கடையில் வாங்கியது; அதனால் யார் கண்ணிலும் படவில்லை. ஐடா இரண்டையும் ஒழுங்காக, டாக்டர் பேச்சைத் தட்டாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ரத்த அழுத்தம் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஆளும் தரையைத் தொட்டாள்.

மருந்துக்கடைக்காரர் இதய டாக்டரைக் கூப்பிட்டார். அன்று சாயங்காலமே ஒன்றை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு ஐடா விழவில்லை.

"எவ்வளவு நேரம் ஆச்சு உனக்கு?" என்று கேட்டாள் ஐடா.

"ரெண்டு மணி நேரம்."

"நூத்தம்பது டாலர்." ஐடா காசோலைப் புத்தகத்தை எடுத்தாள். "இதை இன்சூரன்ஸ்காரன் எனக்குத் திருப்பித் தருவானா?"

"தர மாட்டாங்க. இது அவங்க லிஸ்ட்ல இல்ல."

"ஆம்புலன்ஸ் இருக்கு?"

"இருக்கு."

"ஸ்கேன் இருக்கு? ஆஸ்பத்திரி ஜெல்லி இருக்கு? அந்தப் பச்சை ஜெல்லிக்குக்கூட காசு குடுத்தானே."

"எல்லாம் இருக்கு ஐடா. இது மட்டும் இல்ல."

ஐடா காசோலையைக் கிழித்துக் கொடுத்தாள். கம்பெனிக்காரர்களைப் பற்றி அவள் இத்தாலிய மொழியில் சொன்னது டோரீனுக்குப் புரியவில்லை. புரியாதது நல்லது.

அதன் பிறகு மாதம் இரண்டு மணி நேரம் என்று பேசிக்கொண்டார்கள். டோரீன் கூலியைப் பாதிக்கும் கீழே குறைத்தாள். இலவசமாகவே வருகிறேன் என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். ஐடாவுக்கு மூக்கு சிவந்துவிட்டது. "ஓசியில வர்றவங்க நினைச்ச நாள்ல வருவாங்க. நான் காசு குடுக்கிறேன். நீ செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வர்றே." அதோடு பேச்சு முடிந்தது. ஐடா தன் குடும்ப டாக்டர் ஹெம்ப்ஹில்லிடம் போகும்போதெல்லாம் டோரீன் கூடப் போனாள். வரும் வழியில் பேக்கரியில் நிறுத்தி உப்புக் கறி அடைத்த பெப்பரோனி ரொட்டி உருண்டை ஆளுக்கொன்று. உப்பு கூடாது என்று டாக்டர் சொன்னதை டோரீன் ஞாபகப்படுத்துவாள். "நீ எழுதின நோட்ல அது இருக்கட்டும்" என்பாள் ஐடா, மென்றுகொண்டே.

பிப்ரவரியில் ரத்தப் பரிசோதனை மோசமாக வந்தது. சிறுநீரகத்தின் வேலைத்திறன் இருபது சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. டாக்டர் ஹெம்ப்ஹில் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, "நவம்பர்ல எழுதின அந்தப் புது மாத்திரை இதைத் தள்ளிப்போடும்னு நினைச்சேன். சரியா சாப்பிடறீங்களா?" என்று கேட்டார்.

"சாப்பிடறேன்" என்றாள் ஐடா.

அடுத்த செவ்வாய்க்கிழமை டோரீன் அவள் வீட்டில் காபிக் கோப்பையைக் கழுவப் போனபோது, தொட்டியோரத்தில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பாவைப் பார்த்தாள். உள்ளே பிளேடு. மாத்திரை வெட்டுவது.

"இது எதுக்கு ஐடா?"

"மாத்திரை பெரிசா இருக்கு. தொண்டையில நிக்குது."

டோரீன் புது மாத்திரை டப்பாவைத் திறந்து எண்ணினாள். மாதம் முடிந்து காலியாக இருக்க வேண்டிய டப்பாவில் பாதி இருந்தது. வெட்டின அரைகள் ஒரு பக்கம் தனியாக.

"ஒரு நாளைக்கு அரைதானா?"

ஐடா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். ஏரியிலிருந்து வந்த பனி வேலியை மூடியிருந்தது.

"எவ்வளவு நாளா?"

"நவம்பர்லேர்ந்து. அதுக்கு என் பங்கு மட்டும் மாசம் தொண்ணூறு டாலர். பாதி சாப்பிட்டா ரெண்டு மாசம் வரும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல? அதுக்குத்தானே நான் வர்றேன்? மருந்துக்கு உதவி வாங்க வழி இருக்கு, ஃபாரம் இருக்கு..."

"உனக்குக் குடுக்கணும்ல!" என்று கத்தினாள் ஐடா. "செவ்வாய்க்கிழமைக்கு எங்கிருந்து வரும்? உன்னைக் கேட்டா நீ என்ன சொல்லுவே? காசு வேணாம்பே. அப்புறம் பாவம் பாத்து வருவே. எனக்கு அது வேணாம்."

டோரீன் பின்கதவைத் திறந்து வெளியே போய் நின்றாள். கோட்டு உள்ளேயே இருந்தது. குளிர் சட்டைக்குள் இறங்கியது. இந்தக் கிழவியின் சிறுநீரகம் கெட்டதில் தன் கூலிக்கும் ஒரு பங்கு இருக்கிறது. முட்டாள்தனமான வேலை. அரசாங்கம் கொடுக்காது, கம்பெனி கொடுக்காது, இவள் மாத்திரையை வெட்டிக் கொடுக்கிறாள். உள்ளே வந்து, "இனிமே ஒரு டாலர் வாங்க மாட்டேன்" என்றாள்.

"அப்போ வராதே."

"வருவேன்."

"கதவைத் திறக்க மாட்டேன். முப்பத்தொரு வருஷம் பஸ் கதவு என் கையில இருந்திருக்கு, தெரியும்ல."

அன்று சண்டை போட்டுக்கொண்டே மருந்து உதவி விண்ணப்பத்தை நிரப்பினார்கள். மருந்து மூன்று வாரத்தில் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியது. டோரீனின் கூலிதான் தீராமல் நின்றது.

அதற்கும் ஒரு வழி இருந்தது. அல்லது இருப்பதுபோல இருந்தது. கடுமையான நீண்டகால நோய் உள்ள முதியவருக்கு வழிகாட்டித் துணை செய்கிறவரின் நேரத்துக்கு, டாக்டர் தன் மேற்பார்வையில் பில் போட்டால், முதியவர்களுக்கான அரசாங்கக் காப்பீடான மெடிகேர் பணம் தரும் என்று புதிதாக ஒரு விதி வந்திருந்தது. துணை செய்கிறவர் டாக்டரின் சம்பள ஆளாக இருக்க வேண்டும் என்பதில்லை, ஒப்பந்தத்தில் இருந்தால் போதும். டோரீன் அந்த விதியை அச்செடுத்து, மஞ்சள் மையால் கோடு போட்டு, ஐடாவிடம் படித்துக் காட்டினாள்.

"முப்பத்தொரு வருஷம் என் சம்பளத்துல கவர்மென்ட்காரன் பிடிச்சான்ல, அந்தக் காசுதானே இது?"

"அதேதான்."

"அப்போ இது ஓசி இல்ல. என் காசுலேர்ந்து உனக்கு வருது. சரி, வாங்கு."

டாக்டர் ஹெம்ப்ஹில் மறுக்கவில்லை. "நீ வந்தா எனக்கு வேலை கம்மியாகுது. செஞ்சுக்கோ" என்றார். ஆனால் அவர் வேலை பார்த்த மருத்துவமனை அவருடையது இல்லை. பெரிய குழுமம் ஒன்று வாங்கியிருந்தது. தலைமை அலுவலகம் பிட்ஸ்பர்க்கில். அலுவலகத்தைப் பார்த்துக்கொண்ட ட்ரூடி நல்லவள்தான். ஒவ்வொரு முறையும் மேஜைக்குள்ளிருந்து ஒரு மிட்டாயை எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் கெட்ட செய்தி சொல்வாள்.

"பிட்ஸ்பர்க்ல பயிற்சிச் சான்றிதழ் கேக்கறாங்க டோரீன்."

டோரீன் பத்து வாரம் ஆன்லைனில் படித்துச் சான்றிதழ் வாங்கினாள். அவள் வயதில் பாதிகூட இல்லாத ஒரு பெண், நோயாளியோடு எப்படிப் பேச வேண்டும் என்று பாடம் எடுத்தது.

"தப்பு நடந்தா நஷ்டஈடு குடுக்கப் பொறுப்புக் காப்பீடு வேணுமாம்."

வாங்கினாள்.

"ஒப்பந்தம் சட்டப்பிரிவுல இருக்காம். அங்க இருந்தவர் வேலையை விட்டுட்டாராம். புதுசா வர்றவர் முதல்லேர்ந்து பார்ப்பாராம். மிட்டாய் எடுத்துக்கோ."

ஒப்பந்தம் வந்தபோது ஆகஸ்ட் ஆகிவிட்டது. அதில் அவள் பெயர் 'டோரிஸ்' என்று இருந்தது. திருத்தி வர இன்னும் மூன்று வாரம்.

பிறகு ஐடாவின் கம்பெனி. அவளுடைய மெடிகேரை ஒரு தனியார் காப்பீட்டுக் கம்பெனி நடத்திக்கொண்டிருந்தது. மாதச் சந்தா இல்லை, பல் பார்ப்பதும் சேர்த்தி என்று விளம்பரத்தைப் பார்த்துச் சேர்ந்திருந்தாள். அரசாங்கம் தருவதையெல்லாம் அதுவும் தந்தாக வேண்டும். முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொள்ளலாம். மருத்துவமனை அனுமதி கேட்டது. பதினான்காம் நாள் கடிதம் வந்தது: நோய் போதிய அளவு கடுமையானது என்று நிறுவப்படவில்லை.

ஐடா கடிதத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தாள். "இன்னும் என்ன ஆகணுமாம்? செத்துட்டு அப்ளை பண்ணணுமா?"

டோரீன் மேல்முறையீடு எழுதினாள். சிறுநீரகப் பரிசோதனைகள், இரண்டு விழுதல்கள், நான்கு டாக்டர்கள், இரண்டு பெயரில் ஒரு மருந்து எல்லாம் போட்டுப் பதினொரு பக்கம். அந்தக் கடிதங்களை எப்படிப் படிப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஒரு காலத்தில் அடுத்த மேஜையில்தான் படித்தார்கள். முதல் பக்கத்திலேயே மறுக்க முடியாதபடி எழுதினாள். அதனால் அவர்கள் காரணத்தை மாற்றிக்கொண்டார்கள். நோய் கடுமையானதுதான், ஆனால் உறுப்பினருக்கு ஏற்கெனவே எங்கள் தொலைபேசி வழிகாட்டிச் சேவை இருக்கிறது, எனவே இன்னொன்று தேவையில்லை.

"என்ன சேவை?" என்றாள் ஐடா. "எனக்கு யாரும் போன் பண்ணதில்லையே."

"நாமளே பண்ணிப் பார்ப்போம்."

செவ்வாய்க்கிழமை காலை, ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு இருவரும் மேஜையில் உட்கார்ந்தார்கள். நாற்பத்தேழு நிமிஷம் பியானோ. நடுநடுவே, உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம். கடைசியில் பைஜ் என்ற ஒரு பெண் வந்தாள்.

"வணக்கம் எட்னா, இன்னைக்கு எப்படி இருக்கீங்க?"

"ஐடா."

"ரொம்ப சந்தோஷம். உங்க ஆரோக்கியப் பயணத்துல நான் துணையா இருப்பேன். தினமும் இருபது நிமிஷம் நடக்கிறீங்களா?"

"நான் நடந்தா விழுவேன்."

"அருமை. வீட்ல செல்லப்பிராணி ஏதாவது இருக்கா?"

ஐடா டோரீனைப் பார்த்தாள். "அம்மா பைஜ், எனக்கு டயாலிசிஸ் வேணுமா வேணாமா, வீட்லயே பண்ணலாமா, கையில ஊசி போட வழி பண்றதுக்கு எந்த டாக்டர்கிட்ட போகணும், அவர் உங்க லிஸ்ட்ல இருக்காரா? இதைச் சொல்லு."

அந்தப் பக்கம் விசைப்பலகைச் சத்தம். "அது உங்க டாக்டரோட பேசிக்க வேண்டிய விஷயம். நான் உங்களுக்கு ஒரு கையேடு அனுப்பட்டுமா?"

ஐடா வாயைத் திறப்பதற்குள் டோரீன் பேசினாள். "பைஜ், ஒரு ஆளுக்கு எத்தனை நிமிஷம் உனக்கு?"

கொஞ்சம் தயங்கிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஆறு" என்றது அந்தப் பெண். "மன்னிச்சுக்கங்க. எனக்கு இதுக்கு மேல திரையில இல்ல."

டோரீன் வைத்துவிட்டாள். ஐடாவுக்கு ஆத்திரம். "ஏன் விட்டே அவளை? நாலு வாங்கு வாங்கியிருப்பேன்!"

"அவளை வாங்கி என்ன செய்ய? அந்த நாற்காலியில நான் பதினேழு வருஷம் உட்கார்ந்திருக்கேன்." டோரீன் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள்.

இரண்டாவது மறுப்பு தானாகவே வெளியிலிருக்கும் ஒரு மறுபரிசீலனை அலுவலகத்துக்குப் போனது. அங்கேயும் கம்பெனி சொன்னதையே திருப்பிச் சொன்னார்கள். அடுத்தது நீதிபதி. போனிலேயே விசாரணை. மார்ச்சில் ஒரு தேதி கிடைத்தது. அதற்குள் ஐடாவின் கையில் டயாலிசிஸ் ஊசி போட ரத்தக்குழாயில் வழி வைத்தாகிவிட்டது. எந்த டாக்டர் என்று தேடி, பட்டியலில் இருக்கிறாரா என்று பார்த்து, தேதி வாங்கி, காரில் கூட்டிப்போனதெல்லாம் டோரீன்தான். அந்த மணிகளையெல்லாம் ஐடா காலண்டரில் குறித்துவைத்தாள். "ஜெயிச்சதும் தர்றேன். அதுவரைக்கும் இது கடன், தெரிஞ்சுக்கோ" என்பாள். அந்த ஏற்பாட்டின் பேரில்தான் கதவு திறந்தது.

விசாரணை அன்று ஐடா லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டாள்.

"போன்தானே ஐடா, யார் பாக்கப் போறாங்க?"

"நான் பாக்கிறேன்."

கம்பெனித் தரப்பில் ஒரு டாக்டர் பேசினார். ஐடாவை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. வழிகாட்டிச் சேவைகள் ஒன்றையொன்று ஒத்தவை என்றும், உறுப்பினர் தொலைபேசிச் சேவையைப் போதிய அளவு பயன்படுத்திக்கொள்ளவில்லை என்றும் சொன்னார். டோரீன் தன் முறை வந்ததும் நிதானமாகப் பேசினாள். கம்பெனியின் சேவை ஆறு நிமிஷம். விதி கேட்பது மாதம் ஒரு மணி நேரம். கம்பெனியின் சேவையை எந்த டாக்டரும் மேற்பார்வை பார்ப்பதில்லை. விதி அதைக் கேட்கிறது. நீதிபதி எதையோ எழுதுகிற சத்தம் கேட்டது.

"மிஸஸ் பெல்ட்ராமி, நீங்க ஏதாவது சொல்லணுமா?"

"சொல்லணும் சார். நான் பஸ் ஓட்டினவ. பஸ்ல அறுபது பிள்ளைங்க. எல்லாத்தையும் ஏத்தி விட்டுட்டா மட்டும் போதாது. எவன் எங்க இறங்கணும்னு ஒருத்தருக்குத் தெரிஞ்சிருக்கணும். என்னை நாலு டாக்டர் ஏத்திவிட்டாங்க. எங்க இறங்கணும்னு இவளுக்கு மட்டும்தான் தெரிஞ்சது. நான் தலைல அடிபட்டதுக்கு அந்த ஐயா ஆயிரக்கணக்கில குடுத்தாரு. நான் விழாம இருக்க ரெண்டு மணி நேரம் ஆச்சு. அதுக்கு ஏன் சார் குடுக்க மாட்டேங்கிறாரு? எனக்கு நிஜமாவே புரியல. கோபத்துல கேக்கல." பிறகு, "கோபமும் இருக்கு" என்று சேர்த்துக்கொண்டாள்.

தீர்ப்பு ஜூனில் வந்தது. ஜெயித்துவிட்டார்கள். கம்பெனி அந்தச் சேவையைத் தர வேண்டும் என்று நான்கு பக்கத்தில் தெளிவாக எழுதியிருந்தார் நீதிபதி. டோரீன் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, பிரதி எடுத்துக்கொண்டு, அன்றே மருத்துவமனைக்கு ஓடினாள். ட்ரூடி மேஜைக்குள் கையை விட்டாள். மிட்டாயை எடுக்கிறாள் என்று பார்த்த உடனே டோரீனுக்குத் தெரிந்துவிட்டது.

"பிட்ஸ்பர்க்காரங்க மே மாசத்தோட அந்த வழிகாட்டித் திட்டத்தை நிறுத்திட்டாங்க. பில் போடற செலவுக்கே கட்டுப்படியாகலையாம். எல்லா ஊர்லயும் நிறுத்திட்டாங்க, நம்ம ஊர்ல மட்டும் இல்ல."

"நீதிபதி குடுன்னு சொல்லிட்டாரு ட்ரூடி."

"கம்பெனியைத்தான் குடுக்கச் சொன்னாரு. எங்களை வாங்கச் சொல்லலியே."

டோரீன் மிட்டாயை எடுத்துக்கொள்ளவில்லை.

ஐடாவிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தாள். சொன்னபோது ஐடா கத்தவில்லை. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், அதில் களைத்திருந்தாள். காலண்டரைப் பார்த்தாள். "அப்போ இந்தக் கணக்கு?" என்றாள். டோரீன் அதைப் பற்றிப் பேச வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அன்றைக்கு மட்டும் ஐடா எதிர்த்துப் பேசவில்லை. அது டோரீனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அந்த இலையுதிர்காலத்தில் இன்னொருவர் வந்தார். ஹார்லன் ஷூபர்ட், பிளாஸ்டிக் ஆலையில் அச்சு வார்க்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கும் சிறுநீரகம்தான். காப்பீட்டுக் கம்பெனியும் அதே கம்பெனி, ஐடா வைத்திருந்த அதே திட்டம். அவருடைய டாக்டர் பிக்லர், கிழக்குப் பக்கத்தில், சலவைக்கடைக்கு மேலே இரண்டு அறை வைத்துத் தனியாக நடத்துகிறவர். டோரீன் பழைய ஒப்பந்தத்தையும் சான்றிதழையும் நீட்டினாள். அவர் நின்றபடியே படித்து, அங்கேயே கையெழுத்துப் போட்டார். பில்லை அவருடைய மனைவி போட்டாள்.

எதிர்க்க வேண்டியதை எல்லாம் டோரீன் தயாராக வைத்திருந்தாள். நீதிபதியின் தீர்ப்பு மேலே, அதற்குக் கீழே பரிசோதனைகள். எதுவும் தேவைப்படவில்லை. அனுமதி நான்காம் நாள் வந்தது. பணம் ஏழாவது வாரம் வந்தது. ஒரு கேள்வி இல்லை, ஒரு கடிதம் இல்லை.

சலவைக்கடை வாசலில், காருக்குள் உட்கார்ந்து பணம் வந்த சீட்டைப் பார்த்தாள். சந்தோஷப்பட வேண்டும். அதற்குப் பதிலாக ஸ்டியரிங்கைக் கையால் ஓங்கி அடித்தாள். மறுத்திருந்தால்கூட இத்தனை ஆத்திரம் வந்திருக்காது. எங்கேயோ ஒரு மேஜையில் ஒருவர் ஐடாவுக்கு 'இல்லை' என்ற கட்டத்தைத் தொட்டார், வேறொரு மேஜையில் வேறொருவர் ஹார்லனுக்கு 'சரி' என்பதைத் தொட்டார். அவ்வளவுதான் வித்தியாசம்.

டயாலிசிஸ் கூடத்திலிருந்து ஐடாவை அழைத்து வரும்போது நடந்ததைச் சொன்னாள். மறைக்கலாமா என்று நினைத்தாள். மறைப்பது தன் தொழில் இல்லை என்று தோன்றவே சொல்லிவிட்டாள். ஐடா சீட் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அதே கம்பெனியா?"

"அதே கம்பெனி."

"அதே நோய்?"

"அவருக்கு உங்களைவிடக் கொஞ்சம் பரவாயில்ல."

"அப்போ என்னை எதுக்கு ஒன்றரை வருஷம் அலையவிட்டானுங்க? அதைச் சொல்லு. நீதான் எல்லாத்துக்கும் காரணம் கேட்டு எழுதறவளாச்சே."

சிக்னல் பச்சையாகிப் பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான்.

"அந்தச் சலவைக்கடை டாக்டர்," என்றாள் ஐடா, "புது ஆளுங்களை எடுத்துக்கறாரா?"

"எடுத்துக்கறாரு. ஆனா படி ஏறணும். பத்தொன்பது படி."

"எனக்கு எண்பத்தஞ்சு வயசு. டயாலிசிஸ் முடிச்சு வர்றேன். என்னைப் போய்ப் படி ஏறச் சொல்றியா?"

"ஒரு தடவை ஏறினா போதும். முதல் தடவை அவர் நேர்ல பாக்கணும், அது விதி. அப்புறம் நான்தான் வீட்டுக்கு வருவேன், பில் அவர் போடுவாரு."

"எத்தனை தடவை நிக்கலாம் நடுவுல?"

"எத்தனை தடவை வேணும்னாலும்."

ஐடா அந்தக் கம்பெனியைப் பற்றி மறுபடி இத்தாலிய மொழியில் ஏதோ சொன்னாள், இந்த முறை நீளமாக. பிறகு, "புதன்கிழமை போட்டுக்கோ" என்றாள். "செவ்வாய் வேணாம், செவ்வாய்க்கிழமை நான் டயாலிசிஸ்ல இருப்பேன்."